டோர்க் ரென்ச்சுக்கு ஏன் பொட்டு வைப்பதில்லை

போன ஆயுத பூஜை அன்று காலை எங்கள் வொர்க்‌ஷாப் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. 'எங்கள்' என்று சொல்ல எனக்கு இப்போது உரிமையில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கிள்ளானில் அந்த வொர்க்‌ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் கார்களுக்கு அடியில் கிடந்தவன், இன்று பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டு நான்காம் மாடியில் உட்கார்ந்து, கீழே ரோட்டு மேட்டில் ஏறி இறங்கும் கார்களில் எதற்கெல்லாம் குலுக்கலைத் தாங்கும் முன் அப்சோர்பர் போய்விட்டது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காத வேலை. ஆனாலும் ஒரு நாளைக்கு ஐந்தாறு கண்டுபிடித்துவிடுகிறேன். மகள் இதை டாக்டரிடம் சொல்லலாமா என்று யோசிக்கிறாள்.

படத்துக்கு வருகிறேன். நீளமான மேசையில் வெள்ளைத் துணி விரித்து எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்பேனர், ஜாக், ஸ்பிரிங்கை அழுத்தும் கிளாம்ப், காற்றடிக்கும் பம்ப், கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் புது டேப்லெட் வரைக்கும் சந்தனமும் குங்குமமும். டேப்லெட்டுக்குப் பின்பக்கம் வைத்திருந்தார்கள், திரையில் வைத்தால் அது வேறு எதையாவது திறந்துகொள்ளும் என்று பயம். நடுவில் ஒன்று மட்டும் மொட்டையாக இருந்தது. டோர்க் ரென்ச். போல்ட்டை எந்த அளவுக்கு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்கிற நீளமான ஸ்பேனர் அது. அதன் பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூ வைத்திருந்தார்கள். பொட்டு இல்லை.

புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் ஷர்மிளா குழுவில் கேட்டிருந்தாள்: "இதுக்கு மட்டும் ஏன் பொட்டு இல்ல? யாராச்சும் சொல்லுங்க லா."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் குணா பதில் போட்டுவிட்டார். குணா உதிரிப்பாகக் கவுண்டரில் இருந்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், பக்திமான். அவர் எழுதியது இதுதான்: "முன்னாடி ஒரு போர்மன் இருந்தாரும்மா. நம்ம சாமி அவருக்கு ஆகாது. அவரு போட்ட உத்தரவு."

அதற்குக் கீழே கோபத்தில் சிவந்த ஈமோஜி முகங்கள் ஏழெட்டு வந்து விழுந்தன. நான் ஏதோ தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். கடைசியில் 'ஆயுத பூஜை வாழ்த்துகள்' என்று அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்து வருஷத்துக்கு மேலாக இதே மாதிரிதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அந்த உத்தரவுக்குக் காரணம் அந்த போர்மன் இல்லை, நான். இதை எழுதுவது அதற்காக.

வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. பண்டமாரானில் ஒரு சீனர் கடையில் நான்கு வருஷம் டயர் கழற்றினேன். ஹொக்கியன் மொழியில் திட்டு மட்டும் சரளமாக வரும். அந்தத் தகுதியோடு கிள்ளான் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே என்னை யாரும் திட்டவில்லை. அது முதலில் பெரிய சங்கடமாக இருந்தது. நான் செய்தது சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திட்டாத அந்த மனிதர்தான் என்சிக் ரஸாலி, எங்கள் போர்மன். மலாயில் என்சிக் என்றால் ஐயா. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு கறுப்புப் பேனா, ஒரு சிவப்புப் பேனா, சதுரமாக இஸ்திரி போட்டு மடித்த ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கைக்குட்டையை அவர் எதற்கும் உபயோகித்து நான் பார்த்ததில்லை. கைதுடைக்க வொர்க்‌ஷாப் துணியைத்தான் எடுப்பார். கைக்குட்டை தொழுகைக்கு முன் முகம் துடைக்க மட்டும் என்று பிற்பாடு தெரிந்தது.

அப்சோர்பர் மாற்றிய காரை அவர் சோதிக்கும் விதம் யாருக்கும் வராது. காரை நான் ஓட்ட வேண்டும். அவர் பின்சீட்டில் இடது பக்கம் ஏறிக்கொள்வார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைப்பார். காலுறையோடு இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கண்ணை மூடிக்கொள்வார். வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகும் ரோடு ஒன்று உண்டு. கொன்டேனர் லோரிகள் உருட்டி உருட்டி அதைக் குழியும் மேடுமாக ஆக்கி வைத்திருந்தன. அரசாங்கம் அதைச் சரி செய்துவிடுமோ என்று எங்களுக்கு எப்போதும் ஒரு பயம். அந்த ரோட்டில் போய்த் திரும்பி வருவதற்குள் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். திரும்பியதும் இரண்டில் ஒன்று சொல்வார். சத்தம் அடங்கியிருந்தால் "ஓகே." அடங்கவில்லை என்றால் "மாசே சாக்காப்." மலாயில், இன்னும் பேசுது என்று அர்த்தம். அவர் கணக்கில் கார் சத்தம் போடாது, பேசும். அது பேசினால் நாம் மறுத்துப் பேசக்கூடாது.

முன் அப்சோர்பர் மாற்றுவது பார்க்கச் சுலபமான வேலை. அதனால்தான் ஆபத்து. காரை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுக்க வேண்டும். பிறகு கீழே இரண்டு பெரிய போல்ட். அப்சோர்பரையும் சக்கரத்தைத் தாங்கும் இரும்பையும் சேர்த்துப் பிடித்திருப்பவை அந்த இரண்டுதான். மேலே பானட்டுக்கு அடியில் மூன்று சின்ன நட்டுகள். அவற்றையும் எடுத்தால் அப்சோர்பர் ஸ்பிரிங்கோடு சேர்ந்து கையில் வந்துவிடும். ஸ்பிரிங்குக்கு எதிரெதிராக இரண்டு கிளாம்ப் மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி அழுத்தினால்தான் நடு நட்டைத் தொடலாம். அவசரப்பட்டு முதலில் நடு நட்டைக் கழற்றியவர் ஒருவர் ரவாங் கிளையில் இருந்தார். அவருக்குப் பிறகு முன்பல் இல்லை.

என்சிக் இதற்குமேல் தன் சட்டங்களைச் சேர்த்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். கழற்றிய சக்கரப் பாகம் பிரேக் குழாயில் தொங்கக்கூடாது, கம்பி போட்டுக் கட்ட வேண்டும். புது அப்சோர்பரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் நிமிர்த்திப் பிடித்து ஐந்து முறை அழுத்தி இழுக்க வேண்டும், உள்ளே இருக்கும் காற்று போக. கடைசியாக, கீழ் போல்ட் இரண்டையும் கையால் இறுக்கியது போதும் என்று யாரும் சொல்லக்கூடாது. டோர்க் ரென்ச் சொல்ல வேண்டும்.

அந்த டோர்க் ரென்ச் என் பொறுப்பில் இருந்தது. காரின் கீழ்ப்பகுதி வேலை என் பங்கு, அதனால் அதை வேறு யாரும் அதிகம் தொடுவதில்லை. அதன் குழலில் எண்கள் பொறித்திருக்கும். கைப்பிடியைத் திருகத் திருக அதன் விளிம்பு எண்களின் மேல் ஏறிப்போகும். எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு இறுக்கம். வேண்டிய எண்ணில் நிறுத்திவிட்டு போல்ட்டில் மாட்டி இழுத்தால், அந்த இறுக்கம் வந்ததும் டிக்.

இங்கே என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்துக்குப் பிறகு அந்தப் பொடி எண்கள் எனக்குத் தெரியாமல் போயின. கண்ணாடி போடலாம். போட்டால் வொர்க்‌ஷாப்பில் 'தாத்தா' என்பார்கள். அப்போது நான் மீசைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்த காலம். ஆகவே ஒரு யுக்தி செய்தேன். ஆயுத பூஜையில் கருவிகளுக்குப் பொட்டு வைப்பது நான்தான். டோர்க் ரென்ச்சின் குழலில் சந்தனத்தை மூன்று பட்டையாக இழுத்து, அப்சோர்பர் போல்ட்டுக்கு உரிய எண் எங்கே இருக்கிறதோ சரியாக அதன் மேல் குங்குமப் பொட்டு வைத்தேன். அதற்கு மட்டும் வீட்டிலிருந்து மனைவியின் கண்ணாடியை ரகசியமாகக் கொண்டுபோனேன். அதன் பிறகு வருஷம் முழுக்க எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. விளிம்பு சிவப்பைத் தொட்டால் போதும். பொட்டு மங்கினால் மேலே கொஞ்சம் வைத்துக்கொள்வேன். எல்லாரும் என் பக்தியைப் பாராட்டினார்கள். என்சிக்கும் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்கும் இந்த ஏற்பாடு சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. நான்காவது வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் என் பெரியண்ணன் காலமானார். தீட்டு இருக்கும்போது சாமி மேடைக்குப் பக்கத்தில் போகக்கூடாது. பூஜையன்று நான் கேட் அருகே, காவலாளியின் கூண்டுக்கு வெளியே நின்று பால் இல்லாத கோப்பி-ஓ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வழக்கம்போலக் கருவிகளை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார்கள். அதில் என் பழைய பொட்டும் போயிற்று. எனக்குப் பதிலாகக் குணா சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். மனிதர் எதையும் அழகாகச் செய்வார். டோர்க் ரென்ச்சைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, சந்தனத்தைத் தாராளமாகப் பூசி, குழலின் நட்ட நடுவில் மங்களகரமாக ஒரு பொட்டு வைத்தார். நடு என்பது எனக்கு வேண்டிய இடத்துக்கு வெகு கீழே.

பூஜை முடிந்து இரண்டாம் நாள் சவரிமுத்து அங்கிள் காரைக் கொண்டுவந்தார். பண்டமாரானில் இருந்தவர், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லூர்து ஆன்டிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் காரைச் சுற்றிப் பார்த்தேன். முன்னால் இரண்டு அப்சோர்பரும் எண்ணெய் கக்கியிருந்தன. பானட்டை அழுத்திவிட்டால் கார் மூன்று முறை தலையாட்டியது.

அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் மெதுவாத்தான் ஓட்டுறேன். ஹைவேல எல்லாரும் ஹார்ன் அடிக்கிறானுங்க. ஆனா ஒவ்வொரு குழிக்கும் அவ மூச்சப் பிடிச்சுக்கிறா. அத என்னால பாக்க முடியல."

நான் மார்பைத் தட்டாத குறையாக, கவலைப்படாதீர்கள் என்றேன். எல்லாச் சட்டப்படியும் மாற்றினேன். விளிம்பு சிவப்பைத் தொட்டது. நான்கு போல்ட், நான்கு டிக். என்சிக் பின்சீட்டில் ஏறி, ஷூவைக் கழற்றி, கண்ணை மூடி, போய்த் திரும்பி "ஓகே" என்றார்.

ஐந்தாம் நாள் அங்கிள் திரும்பி வந்தார். முன்னால் 'கடக்' என்று ஒரு சத்தம். முன்பு இல்லாத சத்தம். நான் மேலே இருக்கும் ரப்பர் மவுண்டைக் குற்றம் சொன்னேன். மாற்றினேன். அதற்காகக் கீழ் போல்ட்டைக் கழற்றி, திரும்ப இறுக்கினேன். டிக். சோதனையில் சத்தம் இல்லை. நான்காம் நாள் மறுபடி வந்தார். இந்த முறை அப்சோர்பர் செய்த தொழிற்சாலையைக் குற்றம் சொன்னேன். சப்ளையரைக் கூப்பிட்டுக் கத்தி, வேறொரு ஜோடி வரவழைத்தேன். டிக். சத்தம் போயிற்று. ஐந்து நாளில் திரும்பவும் கடக். அதற்குள் நான் குற்றம் சொல்லாமல் விட்டவர் யாரும் இல்லை: ரோட்டைச் சொன்னேன், லோரிக்காரர்களைச் சொன்னேன், மனதுக்குள் அங்கிள் கார் ஓட்டும் விதத்தையும் சொன்னேன். என்னைச் சந்தேகப்பட எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. டிக் கேட்டதே.

என் கைக்காவது தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் போல்ட் இழுத்த கை, இது இன்னும் வரும், நிறுத்தாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னதோ என்னவோ, டிக் கேட்டவுடன் கையை எடுத்துவிடுவது எனக்குப் பழகிவிட்டது.

மூன்றாவது முறை அங்கிளோடு லூர்து ஆன்டியும் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். அங்கிளை ஆபீசில் உட்கார வைத்துவிட்டுக் காரை எடுக்கப் போனேன். ஆன்டி இறங்க மறுத்துவிட்டார். "நான் இருந்தாத்தான் அது சத்தம் போடும், நீங்க போனா கமுக்கமா இருந்துக்கும்" என்றார். என்சிக்குக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்து, ஆன்டிக்குப் பக்கத்தில், பின்சீட்டில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். ஆன்டி அதைப் பார்த்து, கோயிலுக்கா போகிறோம் என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

துறைமுக ரோட்டில் முதல் மேட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவது குழியில் கடக் என்றது. நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஆன்டி கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குழி தாண்டி வெகு தூரம் போன பிறகும் கை விடவில்லை. ஆட்டம் அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை, புது அப்சோர்பர் நன்றாகவே தாங்கியது. அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு கடக்குக்கும் தன் முதுகுக்குள் போட்ட ஆணிதான் கழன்றுவிட்டதோ என்று உடம்பை முறுக்கிக்கொண்டார், வலி அதனால் வந்தது. நாங்கள் செய்த வேலைக்கு முன் அவருக்குக் குழிதான் பயம். நாங்கள் குழியைச் சரிசெய்து சத்தத்தைக் கொடுத்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அன்று கோபமாக மாற்றி, வண்டியைத் திட்டி ஏதோ முணுமுணுத்தேன்.

என்சிக் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மாசே சாக்காப், மணியம். இன்னும் பேசுது. நல்லவேளை, பேசிக்கிட்டாவது இருக்கு."

அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. வொர்க்‌ஷாப்புக்கு வந்ததும் ஆன்டிக்கு நாற்காலியில் தலையணை வைத்துக் கொடுத்துவிட்டு, என்சிக் என்னிடம் புது சாமான் எதுவும் எடுக்க வேண்டாம் என்றார். காரைத் தூக்கி, சக்கரத்தை மட்டும் கழற்றி, கீழ் போல்ட்டைத் தன் கண்முன்னால் ஒரு முறை இறுக்கிக் காட்டச் சொன்னார். நான் டோர்க் ரென்ச்சை எடுத்தேன். கைப்பிடியைத் திருகினேன். விளிம்பு பொட்டைத் தொட்டதும் நிறுத்தி, போல்ட்டில் மாட்டி இழுத்தேன். போல்ட் அசையவே இல்லை, உடனே டிக். பார்த்தீர்களா என்பது போல நிமிர்ந்தேன்.

எந்த எண் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எண்ணை மனப்பாடமாகச் சொன்னேன். காட்டு என்றார். பொட்டைக் காட்டினேன். பொட்டு இல்லை, எண் என்றார். எண் சந்தனத்துக்கு அடியில் இருந்தது.

அவர் பக்கத்து டயர் கடைக்கு நடந்துபோய் அவர்களுடைய டோர்க் ரென்ச்சை வாங்கி வந்தார். எண்ணைத் தானே வைத்து, அதே போல்ட்டில் மாட்டி இழுத்தார். போல்ட் நகர்ந்தது. நான் இதோ டிக் வரும், இதோ வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க, நகர்ந்துகொண்டே போய், ஏறக்குறைய கால் சுற்று முடிந்த பிறகுதான் டிக் என்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கால் சுற்றை நான் பார்த்ததில்லை. அந்தப் போல்ட்டுகள் தளர்ந்துகொண்டே போயிருந்தால் ஹைவேயில் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நல்லவேளை, பேசிக்கொண்டாவது இருக்கிறது என்று அவர் சொன்னது அதைத்தான். உட்கார்ந்துவிட்டேன்.

பொட்டின் கதை முழுவதையும் சொன்னேன். கண், மனைவியின் கண்ணாடி, தீட்டு, குணா எல்லாவற்றையும். கேட்டுவிட்டு அவர் என் ரென்ச்சைக் கையில் எடுத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், முதல் முறையாக ஆசைப்பட்டுக்கூட நினைத்தேன். அவர் மெல்லிய குரலில் மலாயில் ஒன்று கேட்டார்:

"மணியம், இதை நான் துடைச்சா உங்க சாமி கோவிச்சுக்குமா?"

கோவிச்சுக்காது என்சிக் என்றேன். பக்கத்தில் வொர்க்‌ஷாப் துணி ஒரு மூட்டை கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒத்தி ஒத்தித் துடைத்து, துடைத்த பக்கத்தை உள்ளே மடித்து, குப்பையில் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். எண்கள் வெளியே வந்தன. எனக்குத்தான் அவை அப்போதும் தெரியவில்லை.

லூர்து ஆன்டியின் கார் அதற்குப் பிறகு பேசவில்லை. பத்து நாள் கழித்து அங்கிள் ஒரு கேக்கோடு வந்தார். ஆன்டி காரிலிருந்தபடியே என்னைக் கூப்பிட்டு, சத்தம் போய்விட்டது, ஆனால் ரோடு அப்படியேதான் இருக்கிறது, அதற்கும் ஏதாவது மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கைப்பிடியைப் பிடிக்காமல் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பூஜைக்கும் அன்றைக்கும் நடுவே அந்த ரென்ச்சால் நான் இறுக்கிய மற்றக் கார்கள் இருந்தனவே. என்சிக் ஜோப் கார்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாகச் சிவப்புப் பேனாவால் குறித்தார். மொத்தம் ஒன்பது. ஒன்பது பேருக்கும் தானே போன் செய்து, தீபாவளியை முன்னிட்டு இலவசமாகக் கார் பார்த்துக் கொடுக்கிறோம், நாளைக்கே வாருங்கள் என்றார். வந்தார்கள், நெகிழ்ந்துபோனார்கள். ஒரு மலாய்ப் போர்மன் தீபாவளிக்கு இப்படிச் செய்கிறாரே என்று முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து குவித்தார்கள். கம்பெனி மேலிடம் கேள்விப்பட்டு, அருமையான யோசனை என்று அடுத்த வருஷம் பேனர் கட்டியது. இன்றைக்கும் கிள்ளானில் தீபாவளிக்கு முன் அந்த இலவசப் பரிசோதனை நடக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவன் நான். பேனரில் என் பெயர் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் என்சிக் எல்லாரையும் கூட்டி, டோர்க் ரென்ச்சுக்கு மட்டும் இனிமேல் எதுவும் பூசக்கூடாது, இது தன் உத்தரவு என்றார். காரணம் சொல்லவில்லை. சொன்னால் நான் தலைகுனிய வேண்டும். குணாவும் உடைந்துபோவார், பொட்டு வைத்த பாவத்துக்கு ஓர் அம்மாளின் முதுகு வலித்தது என்று தெரிந்தால் அந்த மனிதர் சாப்பிட மாட்டார். குணாவுக்கு ஒன்றும் தெரியாதே. அவர் முகம் சிவந்து, "என் கையால வச்ச பொட்டு அவருக்குக் கண்ண உறுத்துது, அண்ணே" என்று என்னிடம்தான் வந்து சொன்னார். நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கலக்கினேன்.

வருஷா வருஷம் பூஜையில் பின்வரிசையில் கைகட்டி நின்று, பழமும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போகும் என்சிக், அந்த வருஷம் முதல் நம்ம சாமி ஆகாதவர் ஆனார். இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு நான் போர்மன் ஆனேன். முதல் காரியமாகக் கண்ணாடி வாங்கினேன். யாரும் தாத்தா என்று சொல்லவில்லை, போர்மனை யார் சொல்வார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் யாராவது சந்தனக் கிண்ணத்தோடு டோர்க் ரென்ச்சை நெருங்கினால் தடுப்பேன். ஏன் என்று கேட்டால், "அது என்சிக் உத்தரவு" என்பேன். இரண்டு வார்த்தை அதிகமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் எனக்காகப் பழியைச் சுமந்தார் என்பது கூடப் பெரிதில்லை. நான் பத்து வருஷம் அதை அவர் தலையிலிருந்து இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஷர்மிளாவின் கேள்வி வந்த வாரக் கடைசியில் மேருவில் என்சிக் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார், கோழி வளர்க்கிறார். எல்லாரிடமும் உண்மையை எழுதிவிடப் போகிறேன் என்றேன். தன் பங்கையும் சேர்த்து எழுது என்றார். எண்ணைப் பொட்டு மறைத்திருப்பதை முதல் வருஷமே பார்த்தாராம். இன்னொருவர் மதத்து விஷயம், நாம் கை வைக்கக்கூடாது என்று சும்மா இருந்துவிட்டாராம். அவர் சும்மா இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருவருடைய மரியாதையும் சேர்ந்துதான் அந்தப் போல்ட்டைத் தளர்த்தியிருக்கிறது.

அப்போது அவர் மனைவி காக் சைத்தூன் தேநீரோடு வந்து, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டார். கைக்குட்டை என்றதும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அன்று துணி துவைக்கும்போது புருஷன் கைக்குட்டையில் சந்தன வாசமும் சிவப்புக் கறையும். யார் அந்தப் பெண் என்று கேட்டிருக்கிறார். இவர் 'டோர்க் ரென்ச்' என்று பதில் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லையாம். அந்தச் சங்கதி எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

புறப்படும்போது என்சிக் ஒன்றே ஒன்று சொன்னார்: எல்லாருக்கும் எழுதுவதற்கு முன் குணாவுக்கு நீயே சொல்லிவிடு.

அன்று மாலையே குணாவுக்குப் போன் செய்தேன். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன்.

குணா சொன்னார்: "ஒவ்வொரு ராயா பெருநாளுக்கும் என்னக் கூப்பிட்டாரு அண்ணே. மறக்காம. நான் ஒரு தடவ கூடப் போகல." பிறகு, "அவர் வீடு இப்பவும் மேருலதான?" என்றார்.

ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார். என் மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று குணாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருடைய காரின் பின்சீட்டு. இடது பக்கம் என்சிக் ரஸாலி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். ஷூ இரண்டும் ஓரமாக இருக்கின்றன. இரண்டு பேரும் மாமாக் டீக்கடைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கீழே குணா எழுதியிருந்தார்: "மாசே சாக்காப்பாம் அண்ணே. முன்னால ரெண்டு அப்சோர்பரும் போச்சாம். நீங்கதான் வந்து மாத்தணுமாம், அவர் உத்தரவு."

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ரென்ச்சை எடுத்து வைக்கும் முன்பே கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுவிட்டேன்.